ரஷ்ய ரைஃபிளுக்கு ஜோடியாக எந்த வாள்?

வாசகர் கேள்வி, மார்ச் 2

என்னிடம் 1943இல் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த மோசின் 91/30 ரைஃபிள் ஒன்று இருக்கிறது. வீட்டுக் கீழ்த்தளத்தில் சுவரில் மாட்டியிருக்கிறேன். தனியாகத் தொங்குகிறது, பக்கத்தில் ஒரு ரஷ்ய வாள் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று ஆசை. ஏலத்தில் ஒரு கசாக் ஷாஷ்கா, அதாவது ரஷ்யாவின் கசாக் குதிரைவீரர்களுடைய வளைந்த வாள், வந்திருக்கிறது. 1881 மாடல் என்று போட்டிருக்கிறார்கள், பிளேடு முழுக்கப் பூவேலை, நடுவில் இரண்டாம் நிக்கலாய் மன்னரின் பெயரெழுத்து. இதுவும் ரஷ்யா, அதுவும் ரஷ்யா, இரண்டுமே ராணுவச் சாமான். பொருந்தும்தானே அண்ணா? வாங்கலாமா?

மார்ச் 2, இரவு

வாங்காதீர்கள். ஏலம் எப்போது முடிகிறது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் இதை முதலில் போட்டுவிடுகிறேன். காரணம் நாளைக்கு.

மார்ச் 3

சரி, காரணம். துப்பாக்கியையும் வாளையும் ஜோடி சேர்க்கும்போது நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் சுமந்திருப்பானா? ஆமாம் என்றால் ஜோடி. இல்லையென்றால் ஒரே நாட்டுச் சாமான்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன, அவ்வளவுதான்.

1943இல் இஷெவ்ஸ்கில் செய்த 91/30 போனது பெரும்பாலும் காலாட்படைச் சிப்பாயின் கைக்கு. அவனுக்கு வாள் கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே இரும்பு பயனெட்தான். ரஷ்யக் காலாட்படையில் பயனெட்டைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொள்ளும் பழக்கமே பெரிதாக இல்லை. குழல் முனையில் மாட்டியபடியேதான் நடை, காவல், சண்டை எல்லாம். ரைஃபிளுக்குக் குறி சரிபார்த்ததும் பயனெட் மாட்டிய நிலையில்தான், கழற்றினால் குண்டு வேறு இடத்தில் போய் விழும். அதனால் உங்கள் ரைஃபிளுக்கு நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்த அரை கஜ ஊசி. நான்கு பட்டை, மொத்தம் சுமார் அரை மீட்டர், நுனி கூராக இல்லாமல் திருப்புளி மாதிரி தட்டையாக இருக்கும். திருப்புளியாகவே பயன்படுத்தவும் செய்தார்கள். ஷாஷ்காவோடு ஒப்பிட்டால் விலை ஒன்றுமே இல்லை.

1881 கசாக் ஷாஷ்காவுக்கும் 1943 ரைஃபிளுக்கும் நடுவில் அறுபது வருஷம், ஒரு புரட்சி, ஒரு உள்நாட்டுப் போர். சினிமாவில் ஒன்றாக வரலாம்.

மார்ச் 3, பின்னிரவு

அந்த ஏலப் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜோடிப் பொருத்தத்தை விடுங்கள், அது வாளே இல்லை. சாதாரண சிப்பாய்க்குக் கொடுத்த ஷாஷ்காவில் பூவேலையும் இருக்காது, மன்னர் பெயரெழுத்தும் இருக்காது. ஸ்லதவூஸ்ட் (உரால் மலையில் வாள் செய்த ஊர்) ஆலை முத்திரை, வருஷம், சோதனை அதிகாரியின் சின்ன அடையாளங்கள், அவ்வளவுதான். அலங்காரமெல்லாம் அதிகாரிகள் சொந்தக் காசில் செய்துகொண்டது. இதில் சிப்பாய்க் கைப்பிடியும் அதிகாரி பிளேடும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பித்தளையில் வார்ப்புக் குழிகள் தெரிகின்றன. பிளேடு பிடியருகே எவ்வளவு தடிமனோ நுனியிலும் கிட்டத்தட்ட அதே தடிமன். அசல் பிளேடு போகப்போக மெலியும், கையில் எடுத்தாலே தெரியும்.

இந்த மாதிரிச் சரக்கில் நிறைய நம் வட இந்தியாவிலிருந்தே வருகிறது. இந்தியாவில் செய்து, ரஷ்யா என்று பெயர் வைத்து, கனடாவில் ஒரு தமிழனுக்கே விற்கப் பார்க்கிறார்கள். நகலை நகல் என்று சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, சுவருக்கு அழகாகத்தான் இருக்கும்.

மார்ச் 5

"அப்படியானால் ரஷ்ய ரைஃபிளுக்கு வாள் ஜோடியே கிடையாதா" என்று இன்னொருவர் கேட்கிறார். இருக்கிறது. உலகத்திலேயே இவ்வளவு கச்சிதமாக ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்த ரைஃபிள்-வாள் ஜோடி ரொம்பக் குறைவு. 1881 டிரகூன் ஷாஷ்காவும் டிரகூன் ரைஃபிளும் (முதலில் பெர்டான், பிறகு மோசின்).

டிரகூன் என்றால் குதிரையில் போய் இறங்கித் தரையிலும் சண்டை போடுகிறவன். குதிரை மேல் இருக்கும்போது முதுகில் நீளத் துப்பாக்கி, அதன் முனையில் பயனெட்டும் என்றால் மரக்கிளையில் மாட்டும், பக்கத்துக் குதிரைக்காரன் கண்ணில் குத்தும். கழற்றத்தான் வேண்டும். கழற்றி எங்கே வைப்பது? வாளுறையிலேயே வைத்துவிட்டார்கள். ஷாஷ்காவின் உறை மரம், மேலே தோல். அதன் வெளிப்பக்கத்தில் பயனெட்டைச் செருகப் பித்தளைப் பிடிகள். ஆக டிரகூன் இடுப்பில் ஒரே உறை, அதில் இரண்டு ஆயுதம். குதிரையை விட்டு இறங்கியதும் பயனெட்டை உருவி ரைஃபிளில் மாட்டிக்கொள்வான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள். அலெக்சாண்டர் கோர்லோவ். 1860களில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ரஷ்ய பீரங்கிப்படை அதிகாரி. அவரும் கார்ல் குனியுஸ் என்ற இன்னொரு அதிகாரியும் சேர்ந்துதான் ஹைரம் பெர்டானின் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து, திருத்தி, ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். முதல் பெர்டான், 1868 மாடல், அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் ஆலையில் ஏறத்தாழ 30,000 செய்யப்பட்டது. அதற்கு அடுத்தது 1870இன் இரண்டாம் பெர்டான், போல்ட் (கையால் இழுத்துத் தள்ளும் பூட்டு) வைத்தது, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. அது முதலில் பர்மிங்காமிலும் பிறகு துலா, இஷெவ்ஸ்க், செஸ்த்ரரேத்ஸ்க் ஆலைகளிலும் செய்யப்பட்டது. அதே கோர்லோவ் பிற்பாடு ஜெனரலாகி, ரஷ்ய ராணுவத்தின் வாள்களை எல்லாம் ஒழுங்குபடுத்தும் வேலையைத் தலைமையேற்றுச் செய்தார். அதில் பிறந்ததுதான் 1881 மாடல். அதற்கு முன்னால் ஒவ்வொரு படைக்கும் ஒரு வாள், மார்க்கவசம் போட்ட குவிராசியருக்கு ஒன்று, இலகு குதிரைப்படையான ஹுஸாருக்கு ஒன்று, டிரகூனுக்கு ஒன்று என்று இருந்ததைத் துடைத்துப்போட்டுக் கிட்டத்தட்ட எல்லோர் கையிலும் ஷாஷ்காவைக் கொடுத்தார்.

அதற்கடுத்த வருஷமே, 1882இல், மூன்றாம் அலெக்சாண்டர் காலத்துச் சீர்திருத்தத்தில் காவற்படை தவிர மற்ற ஹுஸார், உலான் (ஈட்டிக் குதிரைப்படை) ரெஜிமெண்டுகள் எல்லாவற்றையும் டிரகூன்களாக மாற்றிவிட்டார்கள். பளபளப்பான ஹுஸார் உடுப்பு போய்விட்டதே என்று அதிகாரிகளுக்கு ஒரே வருத்தம். 1907இல் பழைய பெயர்கள் திரும்பி வந்தன, உடுப்பும் வந்தது, ஆனால் கையில் இருந்த ரைஃபிளும் ஷாஷ்காவும் அப்படியேதான். அதனால் முதல் உலகப் போர்க்கால ஹுஸார் ஒருவனுடைய சாமான் என்று நீங்கள் சேகரித்தாலும் பெயர்தான் மாறும், ஜோடி அதேதான்.

மார்ச் 5, சற்றுப் பிறகு

மேலே விட்டுப்போனது. உங்கள் 91/30இன் தாத்தா காலாட்படை ரைஃபிள் இல்லை, டிரகூன் ரைஃபிள்தான். 1891 காலாட்படை மாடல் சுமார் 130 செ.மீ., டிரகூன் அதைவிட ஏழு செ.மீ. போலக் குட்டை. 1930இல் சோவியத்காரர்கள் டிரகூன் நீளத்தையே எல்லோருக்கும் பொது அளவாக்கினார்கள். ரத்த சம்பந்தம் இருக்கிறது, மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

மார்ச் 6

"இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, வருஷம் பார்த்துச் சேர்த்தால் போதுமே, 1895 ரைஃபிளுக்கு 1895 வாள்" என்று எழுதியவருக்கு.

வருஷம் பொருந்துவது கண்ணுக்கு நன்றாக இருக்கும், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் 1895 துலா காலாட்படை ரைஃபிளையும் 1895 டிரகூன் ஷாஷ்காவையும் ஒரே ஆள் எப்போது சுமந்தான்? காலாட்படை மோசினில் அந்தக் காலத்தில் வார் மாட்டுவதற்குக் கம்பி வளையம் இருக்கும். டிரகூனுக்கும் கசாக்குக்கும் கட்டையிலேயே துளை போட்டு அதன் வழியாக வார். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தத் துளை பிறகுதான் காலாட்படைக்கும் வந்தது. இரண்டிலும் 1895 என்று இருந்தால் ஆலைத் தேதி ஒத்துப்போகிறது, ஆள் ஒத்துப்போகவில்லை.

இன்னொன்று, மோசினில் தேதியே பெரிய தலைவலி. குழலில் ஒரு வருஷம் இருக்கும், ரிசீவரின் (குழல் பொருந்தும், போல்ட் ஓடும் உடற்பகுதி) வால் பகுதியைக் கட்டையிலிருந்து கழற்றிப் பார்த்தால் அதில் வேறு வருஷம் இருக்கும். ஃபின்லாந்துக்காரர்கள் 1890களின் ரிசீவரை எடுத்துப் புதுக் குழல் போட்டு M39 என்ற ரைஃபிளைச் செய்தார்கள். அந்த ரைஃபிளுக்கு எந்த வருஷ வாளைத் தேடுவீர்கள்?

மார்ச் 9

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். "ஒரே ஆள் சுமந்தானா" என்ற என் அளவுகோல் கசாக்குகளிடம் போகும்போது கொஞ்சம் நெகிழ வேண்டியிருக்கிறது.

கசாக் ராணுவத்துக்கு வரும்போது குதிரை அவனுடையது, உடுப்பு அவனுடையது, வாளும் அவனுடையது. ரைஃபிள் மட்டும் அரசாங்கத்தினுடையது. அதனால் 1881 மாடல் என்று ஒன்று விதியில் இருந்தாலும், தாத்தா விட்டுப்போன வாளோடு வந்து நிற்பவனை அனுமதித்தார்கள். காக்கஸஸ் பக்கத்துக் கசாக்குகளிடம், அதாவது குபானிலும் தெரெக்கிலும், மலைக்காரர்களிடமிருந்து பிடித்தது, வாங்கியது, கல்யாணச் சீராக வந்தது என்று எல்லா வகையும் இருந்தன. பிளேடில் ஓநாய் முத்திரை இருக்கும், பிடியில் தாகெஸ்தானின் குபாச்சி ஊர்க்காரர்கள் செய்த வெள்ளி வேலை இருக்கும். 1904இல்தான் இந்த இரண்டு படைகளுக்கும் தனியாக ஒரு மாடல் ஷாஷ்காவும் கின்ஜாலும் (நேரான குத்துக்கத்தி) நிர்ணயித்தார்கள். கைப்பிடியும் உறைக்குள் இறங்கி உட்காரும் வகை ஷாஷ்கா அது.

ஆக கசாக் ரைஃபிளுக்கு அருகில் அதைவிட அறுபது எழுபது வருஷம் மூத்த வாளை மாட்டினாலும் தப்பில்லை. எதிர்ப்பக்கம்தான் தப்பு. வாள் மூத்ததாக இருக்கலாம், ரைஃபிள் எப்போதும் அந்தந்தக் காலத்தது. தாத்தாவின் ரைஃபிளோடு எந்தக் கசாக்கும் ஜெர்மன் போருக்குப் போகவில்லை.

ஒரு அடையாளம் சொல்கிறேன். கசாக் ரைஃபிளுக்குப் பயனெட் இல்லாமல் குறி சரிபார்த்தார்கள், குழலில் ரஷ்ய எழுத்தில் கஸ் என்று பொறித்திருக்கும். பயனெட் கிடையாது என்பதால் 1881 கசாக் ஷாஷ்கா உறையிலும் பயனெட்டுக்கு இடம் கிடையாது. டிரகூன் ஷாஷ்காவில் விரலைக் காக்கும் பித்தளை வளைவு உண்டு, கசாக் ஷாஷ்காவில் அதுவும் இல்லை, வெறும் பிடிதான். யாராவது "கசாக் ஷாஷ்கா, பயனெட் பிடியுடன்" என்று விளம்பரம் போட்டால், ஒன்று அது சோவியத் காலத்தது, இல்லையென்றால் யாரோ இரண்டு வாளைக் கலந்திருக்கிறார்கள்.

இரண்டாம் பெர்டானிலும் இதே பிரிவு உண்டு. கசாக் பெர்டானைப் பார்த்திருக்கிறீர்களா? விசைக்குக் கீழே வழக்கமான வளையமே இருக்காது, விசையே ஒரு சின்னப் பொத்தான் குமிழ். குதிரை மேலிருந்து இழுத்து எடுக்கும்போது எதிலும் மாட்டக்கூடாது என்பதற்காக. முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஏதோ உடைந்து விழுந்துவிட்டது" என்றுதான் சொல்வார்கள். என் மாமனார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 9

கனடாவில் இருப்பவர்களுக்கு மட்டும்: 1898க்கு முன் செய்த ஒற்றைத் தோட்டா பெர்டான் இங்கே பழம்பொருள் கணக்கில் வரும். குழல் விட்டம் 8.3 மி.மீ.க்கு மேல், தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் கிடையாது, அதனால். பெர்டான் 10.7 மி.மீ. பக்கம். மோசின் 1892இல் செய்ததாக இருந்தாலும் 7.62 மி.மீ., அதோடு மேகசினும் உண்டு, அதனால் அது சாதாரண ரைஃபிள்தான், உரிமம் வேண்டும். அமெரிக்காவில் கணக்கு வேறு, அங்கே 1898 வரை செய்த ரிசீவர் இருந்தால் மோசினும் பழம்பொருள். எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கும் நண்பர்கள் சொல்வதைக் கேட்டு இந்தப்பக்கம் வாங்கிவிடாதீர்கள்.

மார்ச் 14

நல்ல கேள்வி ஒன்று தனிச்செய்தியில் வந்தது, இங்கேயே பதில் எழுதுகிறேன். 1880களின் டிரகூன் ஷாஷ்கா ஒன்று கையில் இருக்கிறதாம், உறையும் அசல்தானாம், ஆனால் மோசின் பயனெட் அந்தப் பிடிகளில் சரியாக உட்காரவில்லையாம். உறை போலியா?

இல்லை, பயனெட்தான் வேறு. 1881இல் மோசின் ஏது? மோசின் வந்தது 1891. அந்த உறை பெர்டான் பயனெட்டுக்காகச் செய்தது. பின்னால் வந்த உறைகள்தான் மோசினுக்கானவை. உங்கள் உறை, நீங்கள் எந்த ரைஃபிளைத் தேட வேண்டும் என்று உங்களுக்கே சொல்கிறது, கேளுங்கள். டிரகூன் பெர்டான், 1880களில் இஷெவ்ஸ்க் அல்லது துலா. தேடக் கஷ்டம்தான், ஆனால் கிடைக்காத பொருள் இல்லை.

தயவுசெய்து அந்தப் பிடிகளை வளைத்து மோசின் பயனெட்டை உள்ளே திணிக்காதீர்கள். ஒரு கடைக்காரர் என் கண்முன்னே அதைச் செய்தார். "இப்போ செட் ஆயிடுச்சு" என்றார். நூறு வருஷத்துக்கு மேல் யாரும் தொடாத பித்தளை, குறட்டால் இரண்டு நிமிஷம். நான் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன், வாள் அவருடையது.

மார்ச் 15

ஃபின்னிஷ் M39க்கு என்ன வாள் என்று கேட்டவருக்கு: வாள் வேண்டாம், பூக்கோ கத்தி வாங்குங்கள். ஃபின்லாந்துச் சிப்பாய் இடுப்பில் அதுதான் இருந்தது, மீன் அறுக்க, விறகு சீவ, மற்றதற்கும். அசல் M39 பயனெட் விலையைக் கேட்டால் நீங்களே பூக்கோ பக்கம் போய்விடுவீர்கள்.

மார்ச் 21

காலாட்படைக்கு வாளே கிடையாது என்று நான் சொன்னது மோசின் காலத்துக்கு. அதற்கு முந்தைய தலைமுறைக்குப் போனால் கதை வேறு. கிரிமியப் போர் முடிந்த கையோடு வந்த 1856 மாடல் ஆறு லைன் ரைஃபிளை (ஒரு லைன் என்றால் அங்குலத்தில் பத்தில் ஒன்று, ஆறு லைன் 15.24 மி.மீ.) வைத்திருப்பவர்களுக்கு 1848 மாடல் தெசாக் இருக்கிறது. குட்டைவாள், பித்தளைப் பிடி, ரோமானியப் படைவீரன் வாளைப் பார்த்துச் செய்த வடிவம். சண்டையில் யாரை வெட்டினார்கள் என்று தெரியாது, கூடாரத்துக்குக் குச்சி வெட்டியிருப்பார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது 1834 சுரங்கப்படைத் தெசாக், முதுகுப்பக்கம் முழுக்க ரம்பப் பல். அதை மாட்டினால் பார்ப்பவர்கள் ரைஃபிளைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

அதே ஆறு லைன் குழலைப் பின்பக்கத்திலிருந்து தோட்டா போடும்படி மாற்றியதுதான் 1869இன் கிர்ன்கா, சில்வெஸ்டர் கிர்ன்கா என்ற செக் துப்பாக்கிக் கம்மியரின் யோசனை. 1877-78 துருக்கிப் போரில் பெரும்பாலான ரஷ்யக் காலாட்படை இதோடுதான் போனது. பெர்டான் எல்லோருக்கும் போய்ச்சேரவில்லை. கிர்ன்காவைத் தனியாகவே மாட்டலாம், அதன் பூட்டும் கனமும் போதும்.

மார்ச் 22

பட்ஜெட் ஜோடி கேட்டவர்கள் நிறையப் பேர். நேற்று இரவு அலமாரியைத் துடைக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது, இதுவரை யாருமே சொல்லவில்லை: 1907 கார்பைனும் பெபூத்தும்.

1907 கார்பைன் மோசினின் குட்டித் தம்பி, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பயனெட் மாட்டவே முடியாது, முன்கட்டை கிட்டத்தட்ட முனைவரை ஓடிவிடும். பீரங்கிப்படை, இயந்திரத் துப்பாக்கிக் குழு போன்றவர்களுக்காகச் செய்தது. பெபூத் வளைந்த குத்துக்கத்தி, கின்ஜாலின் கோணல் உடன்பிறப்பு. அதுவும் 1907 மாடல், ஜாண்டர்ம் போலீஸுக்கும் பீரங்கிக்காரர்களுக்கும் இயந்திரத் துப்பாக்கிக் குழுவுக்கும் கொடுத்தது. பீரங்கி பக்கத்தில் நின்று வேலை செய்கிறவனுக்கு நீள ஷாஷ்கா காலில் தட்டும், அதனால் இந்தக் குட்டைக் கத்தி. ஆள் ஒன்று, வருஷம் ஒன்று, அளவும் ஒன்றுக்கொன்று பொருத்தம். வருஷம் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்றவருக்கும் சந்தோஷம், ஆளைப் பார்க்கும் எனக்கும் சந்தோஷம்.

ஆனால் பட்ஜெட் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கார்பைன் மலிவில்லை. 1907 கார்பைன் என்று வருவதில் பல, பிற்பாடு யாரோ நீள ரைஃபிளை அறுத்துக் குட்டையாக்கியது. பின்பார்வைக் குறியை முதலில் பாருங்கள். கார்பைனுக்கு அது சின்னது, தனி. நீள ரைஃபிளின் குறி அப்படியே இருந்தால் அறுத்ததுதான்.

ஏப்ரல் 2

"ஸ்லதவூஸ்ட் வாள் எல்லாமே புலாத் எஃகு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், விற்பவர்களும் இதைச் சொல்லி விலை ஏற்றுகிறார்கள். இல்லை. ஸ்லதவூஸ்ட் ஆயுத ஆலை உரால் மலையில் 1815இல் தொடங்கியது. ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வாள் செய்பவர்களைக் குடும்பத்தோடு கூட்டிவந்து குடியமர்த்தினார்கள். அங்கே பாவெல் அனோசோவ் என்ற சுரங்கப் பொறியாளர் வருஷக்கணக்காகச் சோதனை செய்து, தண்ணீரில் அலை ஓடுவது போன்ற கோலம் தெரியும் புலாத் எஃகை வார்த்து எடுத்தார், 1841இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அது அவருடைய சாதனை, ஆலையின் அன்றாடச் சரக்கு இல்லை. சிப்பாய் ஷாஷ்கா பிளேடு நல்ல, சாதாரணமான எஃகு. 1890களின் டிரகூன் வாளில் யாராவது அலைக்கோலம் காட்டினால் அமிலம் ஊற்றியிருக்கிறார்கள்.

அனோசோவ் துரத்திய அந்த எஃகு வந்த பக்கம் நம் பக்கம்தான். மூசையில் இரும்பையும் கரியையும் போட்டு மூடி உருக்கிக் கட்டியாக எடுப்பது தென்னிந்தியாவில் பழைய தொழில். சேலம் பக்கத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நடந்தது. அந்தக் கட்டிகள் அரபிக்கடல் தாண்டிப் பாரசீகத்துக்கும் அதற்கு அப்பாலும் போய் வாளாயின. அதை ஒரு ரஷ்யப் பொறியாளர் உராலில் பனிக்கு நடுவில் உட்கார்ந்து மறுபடி கண்டுபிடித்தார். இதை வைத்து "ரஷ்ய வாளே தமிழன் வாள்தான்" என்று யாரும் பதிவு போட வேண்டாம், ப்ளீஸ்.

ஏப்ரல் 3

போட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 6

மாட்டுவது பற்றிச் சில. ஷாஷ்காவைத் தோலுறைக்குள் வைத்தே வருஷக்கணக்கில் விடாதீர்கள். பதனிட்ட தோலில் இருக்கும் அமிலமும் ஈரமும் சேர்ந்து பிளேடைத் தின்னும். நான் உறையைச் சுவரிலும், பிளேடை மெழுகு பூசி அதற்குக் கீழேயும் மாட்டுகிறேன். மாட்டும்போது கூர்ப்பக்கம் மேலே. ஷாஷ்கா இடுப்பிலும் அப்படித்தான் தொங்கும், உருவும் அசைவே வெட்டாக இறங்க வேண்டும் என்பதற்காக. சபர் வாள் மாதிரி கூர் கீழே பார்க்க மாட்டியிருந்தால் விவரம் தெரிந்த ஒருவன் வந்து சிரிப்பான்.

பித்தளையைப் பளபளவென்று தேய்க்க வேண்டாம். டிரகூன் ஷாஷ்காக்களில் படைப்பிரிவு எண், ஸ்குவாட்ரன் எண் எல்லாம் பித்தளைப் பாகங்களில்தான் பொறித்திருக்கும். புளி போட்டு விளக்குகிற கை என்றால் எண்ணும் போய்விடும், விலையும் போய்விடும்.

ரைஃபிளைச் சுவரில் வைத்தால் கனடா விதிப்படி தோட்டா இல்லாமல், பூட்டோடு, பக்கத்தில் தோட்டாவும் இல்லாமல் இருக்க வேண்டும். விசைப்பூட்டு போட்ட மோசின், விலங்கு மாட்டிய தாத்தா மாதிரி இருக்கிறது, வேறு வழியில்லை. கண்ணாடிக் கதவு வைத்த பூட்டு அலமாரியென்றால் இந்த அசிங்கம் தெரியாது, நான் அதற்கு மாறிவிட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வாளுக்கும் அதே அலமாரிதான், சட்டம் கேட்காவிட்டாலும்.

ஏப்ரல் 18

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அந்த 1881 போலியை விட்டுவிட்டாராம், நல்லது. பதிலுக்கு ஒரு 1927 மாடல் சோவியத் ஷாஷ்கா வாங்கியிருக்கிறார். 1930களில் செய்தது, பிடியின் தலையில் நட்சத்திரமும் அரிவாள் சுத்தியலும், உறையில் பயனெட் பிடிகள். படம் பார்த்தேன், அசல் மாதிரித்தான் தெரிகிறது. 1927 மாடல் கசாக் ஷாஷ்காவைப் பார்த்துச் செய்தது, கைக்காப்பு கிடையாது, பிளேடு 1881ஐ விடக் கொஞ்சம் குட்டை. பயனெட் பிடி மட்டும் டிரகூன் யோசனை. இரண்டையும் கலந்தால் என்ன வரும் என்று மார்ச் 9இல் எழுதினேனே, அரசாங்கமே கலந்தால் இதுதான்.

"இப்போது என் 1943 ரைஃபிளோடு பொருந்துமா" என்கிறார். உறையில் 91/30 பயனெட் உட்காரும், அதனால் பாதிப் பொருத்தம். ஆனால் 1943 குதிரைப்படையைப் பார்த்தால் அவர்கள் கையில் 1938 மாடல் கார்பைன், அதற்குப் பயனெட்டே கிடையாது, நிறையப் பேரிடம் ஷாஷ்காவோடு PPSh (செல்லப்பெயர் பாபாஷா) சப்மெஷின் துப்பாக்கி. மாஸ்கோவுக்கு வெளியே 1941 டிசம்பரில் இறந்த ஜெனரல் தொவாதரின் குதிரைவீரர்கள், 1942 ஆகஸ்டில் குஷெவ்ஸ்கயாவில் மோதிய குபான் கசாக்குகள், இவர்கள் கடைசித் தலைமுறை. 1950களின் நடுவில் சோவியத் ராணுவம் குதிரைப்படையையே கலைத்துவிட்டது. உங்கள் 1943 இஷெவ்ஸ்க், அதன் மேலே கடைசல் கோடுகள்கூடத் தேய்க்க நேரமில்லாமல் அவசரமாகச் செய்து அனுப்பியது. அது காலாட்படை ரைஃபிள்தான், அதற்கு அழகே அந்த அவசரம்.

ஷாஷ்காவுக்குத்தான் இனி ரைஃபிள் தேட வேண்டும். 1930களின் முதல் பாதியில் செய்த துலா 91/30, ரிசீவர் எட்டுப்பட்டையாக இருக்கும் வகை. உருண்டை ரிசீவர் 1936 வாக்கில் வந்தது. "அப்படியென்றால் இன்னொரு ரைஃபிளும் வாங்க வேண்டுமா அண்ணா?"

ஆமாம்.

ஏப்ரல் 18

வீட்டில் என்ன சொல்வது என்று அவர் கேட்டதற்கு இங்கே பதில் எழுத மாட்டேன், என் வீட்டிலும் இதைப் படிக்கிறார்கள்.

ஏப்ரல் 19

கடைசியாக வந்த கேள்வி: அதிகாரியின் ஷாஷ்காவுக்கு என்ன ரைஃபிள்? ரைஃபிளே இல்லை. அதிகாரிக்கு 1895 நகான் ரிவால்வர். 2022 அக்டோபரிலிருந்து கனடாவில் தனிநபர்கள் கைத்துப்பாக்கி வாங்கவும் விற்கவும் தடை இருப்பதால் புதிதாகச் சேர்க்கப் பெரும்பாலும் வழியில்லை. 1909 அதிகாரி ஷாஷ்கா, பிடியில் மன்னர் பெயரெழுத்தும் புனித ஆன்னா நான்காம் வகுப்பு விருதின் சின்னச் சிவப்பு வட்டமும், அப்படி ஒன்று கிடைத்தால் காலி நகான் உறையை மட்டும் பக்கத்தில் மாட்டுங்கள். தோல் உறைக்கு உரிமம் தேவையில்லை. அந்தச் சிவப்பு வட்டத்தை மட்டும் உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள், வாளைவிட அதைத்தான் அதிகமாகப் போலி செய்கிறார்கள்.